ஒரு காயிலா, எட்டு பிளக்கா, வேறு எஞ்சினா? பழைய எஃப்-150 மிஸ் ஆகும்போது எடுக்க வேண்டிய முடிவு

டொராண்டோவைச் சுற்றி ஓடு பதிப்பது, தரை போடுவது, பனி அள்ளுவது என்று தொழில் செய்யும் நம்மவர்களில் பலர் நம்பியிருப்பது பழைய ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பை. அதிலும் 2004 முதல் 2008 வரை வந்த, 5.4 லிட்டர் ட்ரைட்டன் வி8 எஞ்சின் பொருத்திய வண்டிகள் இன்றும் நிறைய ஓடுகின்றன. குளிர் தொடங்கியதும் அவற்றை வைத்திருப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. "வண்டி உதறுகிறது, மஞ்சள் விளக்கு எரிகிறது. ஒரு கராஜில் ஒரு காயில் போதும் என்கிறார்கள். இன்னொரு கராஜில் எட்டு பிளக்கையும் எட்டு காயிலையும் மாற்றச் சொல்கிறார்கள். மூன்றாமவர் எஞ்சினே போய்விட்டது, விற்றுவிடு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

சிலிண்டருக்குள் பெட்ரோலைக் கொளுத்தும் மின்பொறியைத் தருவது பிளக்; அதற்கு உயர் மின்னழுத்தம் கொடுப்பது காயில். ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறுவதைத்தான் மிஸ் என்கிறோம். மூன்று பதில்களும் மூன்று வெவ்வேறு வண்டிகளுக்குச் சரியானவை. உங்கள் வண்டி அவற்றில் எது என்று கண்டுபிடிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அதற்கு முன் ஒன்று. செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் கவனமாக வீட்டுக்கு ஓட்டிச் செல்லலாம். விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். சிலிண்டருக்குள் எரியாத பெட்ரோல் புகைக்குழாய் வழியே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது; அந்தச் சூட்டில் உள்ளிருக்கும் தேன்கூடு போன்ற பகுதி உருகி அடைத்துக்கொள்ளும். ஒரு காயிலோடு முடிந்திருக்க வேண்டிய செலவு பல மடங்காவது இப்படித்தான்.

## எதை வைத்து அளப்பது

தீர்வுகளை ஒப்பிட நான் ஐந்து கேள்விகளை வைத்துக்கொள்கிறேன்.

1. எந்த சிலிண்டர், என்ன காரணம் என்று உறுதியாகத் தெரியுமா, அல்லது ஊகமா?
2. வண்டியில் இருக்கும் பிளக்குகளின் வயது என்ன? கடைசியாக எப்போது, யார் மாற்றினார்கள்?
3. ரசீதில் வரும் தொகை போக, வேலையின் நடுவில் என்னவெல்லாம் சேரக்கூடும்?
4. வண்டி எத்தனை நாள் நின்றால் உங்கள் பிழைப்பு தாங்கும்?
5. இந்த வண்டியை இன்னும் எத்தனை ஆண்டு வைத்திருக்கப் போகிறீர்கள்?

வேறு எஞ்சினாக இருந்தால் முதல் கேள்விக்கும் ஐந்தாவது கேள்விக்கும் பதில் தெரிந்தாலே பெரும்பாலும் போதும். இந்த எஞ்சினில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இரண்டாவது கேள்வி. ஏன் என்று சொல்கிறேன்.

## இந்த எஞ்சினின் பிளக் ஏன் தனிக் கதை

2004இல் எஃப்-150க்கு வந்த, சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட 5.4 எஞ்சினின் ஸ்பார்க் பிளக் நீளமானது. இரண்டு துண்டுகளை இறுக்கிச் சேர்த்துச் செய்யப்பட்டது. மேல் துண்டில் மரையும் அறுகோணத் தலையும் இருக்கின்றன. கீழ்த் துண்டு மெல்லிய குழாய்போல சிலிண்டர் ஹெட்டுக்குள் (சிலிண்டர்களை மூடும் மேல்பகுதிக்குள்) ஆழமாக இறங்கி நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது அந்தக் குழாயைச் சுற்றிக் கரி படிந்து சிமெண்ட்போல இறுகிவிடும். பிளக்கைக் கழற்றும்போது மேல் துண்டு கையோடு வரும். கீழ்த் துண்டு ஹெட்டுக்குள்ளேயே நின்றுவிடும்.

இது பரவலாக நடந்ததால், எப்படிக் கழற்றுவது என்று ஃபோர்டு நிறுவனமே பட்டறைகளுக்குத் தனிச் செய்முறை வெளியிட்டது. 2007 இறுதியில் ஹெட்டின் வடிவமும் மாறியது. ஆகவே 2008 மாடலில் இரண்டு வகையும் உண்டு; எஞ்சின் தயாரான தேதியைப் பார்த்தால்தான் தெரியும். 2004க்கு முந்தைய இரண்டு வால்வு ட்ரைட்டன் எஞ்சின்களில் தொல்லை வேறு: ஹெட்டில் பிளக்கைப் பிடிக்க மரைகள் மிகக் குறைவு என்பதால் பிளக் வெளியே தெறித்துவிடும். அவற்றுக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

பிளக்கை மாற்ற ஃபோர்டு குறித்திருந்த இடைவெளி 100,000 மைல், அதாவது சுமார் 160,000 கிலோமீட்டர். கரி இறுகுவதற்கு அது தாராளமான அவகாசம்.

## முதலில் கண்டுபிடிப்பு

எஞ்சினின் அச்சு சுழலும் வேகத்தைக் கணினி ஒரு சென்சார் மூலம் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் வெடிக்கத் தவறினால் அச்சு அந்தக் கணத்தில் சற்றே தளரும். எந்த சிலிண்டரின் முறையில் தளர்ந்ததோ அதன் எண்ணோடு ஒரு குறியீடு பதிவாகும்; ஸ்கேனரை மாட்டினால் அதைப் படிக்கலாம். பி0301 முதல் பி0308 வரை என்றால் கடைசி எண்தான் சிலிண்டர். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மாறிமாறி நடக்கிறது. பி0316 என்றால் ஸ்டார்ட் செய்த உடனேயே மிஸ் ஆகியிருக்கிறது. இந்த எஞ்சினில் பயணி பக்கம் முன்னிருந்து பின்னாக 1, 2, 3, 4. ஓட்டுநர் பக்கம் 5, 6, 7, 8.

பலர் ஏமாறுவது விளக்கே எரியாத மிஸ்ஸில். 70, 80 கிலோமீட்டர் வேகத்தில், மேல் கியரில், லேசான ஏற்றத்தில் மெல்ல மிதிக்கும்போது வண்டி உதறும். சாலையோரத்து அதிர்வுக் கோடுகள்மேல் ஏறியதுபோல ஒரு நடுக்கம். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று சொல்லி அதைத் திறக்கவைக்கும் கராஜ்கள் உண்டு. ஒழுங்கான ஸ்கேனரில் "மோட் 6" என்ற பகுதியைத் திறந்தால், விளக்கு எரியுமுன்பே எந்த சிலிண்டரில் எத்தனை முறை மிஸ் ஆனது என்ற கணக்கு இருக்கும். கியர்பாக்ஸுக்குச் செலவிடுமுன் அந்தக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

சிலிண்டர் தெரிந்த பின் காயிலை இடம் மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு காயிலும் ஒரே ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட்டில் நிற்கிறது. பி0303 என்றால் 3ஆம் காயிலை 2இலும், 2ஆம் காயிலை 3இலும் வையுங்கள். குறியீட்டை அழித்துவிட்டு, உதறிய அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டுங்கள். இப்போது பி0302 வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்திருக்கிறது. பி0303 என்றே மறுபடி வந்தால் காயில் குற்றமற்றது.

காயிலை உருவும்போது அதன் அடியில் தொங்கும் ரப்பர் உறையை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கரிக்கோடு ஒன்று உறையின் நெடுக ஓடினால், மின்பொறி பிளக்கின் முனைக்குப் போகாமல் அந்தக் கோட்டின் வழியே ஹெட்டுக்குத் தப்பியிருக்கிறது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் பிளக் குழியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது; எஞ்சினை அழுத்த நீரால் கழுவிய மறுநாள் மிஸ் தொடங்குவது இதனால்தான். இடம் மாற்றும்போது உறையும் காயிலோடு சேர்ந்தே போகிறது என்பதை மறக்க வேண்டாம். உறை மட்டும் கிழிந்திருந்தாலும் சோதனை காயிலைத்தான் குற்றவாளி என்று காட்டும். உறை தனியாகக் கிடைக்கும். காயிலோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம்.

கோளாறு நகரவில்லை என்றால் மிஞ்சுவது பிளக், பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தமான கம்ப்ரஷன். வேறு எஞ்சினில் உடனே பிளக்கைக் கழற்றி அளவுமானியை மாட்டிவிடுவார்கள். இங்கே பிளக்கைக் கழற்றுவதே ஒரு சூதாட்டம் என்பதால், கழற்றாமலே கேட்கக்கூடியதை முதலில் கேட்டுவிடுங்கள். ஆக்ஸிலரேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினால் கணினி பெட்ரோலை நிறுத்திவிடும்; எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டரில் மட்டும் சுழலும். எட்டும் நலமாக இருந்தால் சத்தம் ஒரே தாளத்தில் வரும். ஒன்றில் அழுத்தம் இல்லையென்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு விடுபட்டு, அந்த இடத்தில் எஞ்சின் வழுக்கி ஓடுவதுபோலக் கேட்கும். இரண்டு முறை கேட்டால் காது பிடித்துக்கொள்ளும்.

பி0300 உடன் பி0171, பி0174 ஆகியவையும் சேர்ந்து வந்தால் காயிலைத் தேட வேண்டாம். எஞ்சின் எங்கோ கூடுதல் காற்றை இழுக்கிறது, அல்லது பெட்ரோல் போதாமல் தவிக்கிறது. உப்பு கொட்டும் ஊர்களில் நான் முதலில் பார்க்கச் சொல்வது, ஸ்பேர் டயருக்கு மேலே சேஸிஸில் திருகப்பட்டிருக்கும் ஃபியூயல் பம்ப் கட்டுப்பாட்டுப் பெட்டியை. அதன் அலுமினிய உடல் இரும்புச் சட்டத்தோடு ஒட்டிக் கிடப்பதால் அரித்து ஓட்டை விழும். ஸ்பேர் டயரை இறக்கினால் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

## முதல் தேர்வு: பழுதான ஒரு காயிலை மட்டும் மாற்றுவது

இடமாற்றச் சோதனையில் கோளாறு நகர்ந்திருந்தால் இதுவே மிக மலிவான வழி. கால் மணி நேர வேலை; வீட்டு வாசலில் செய்யலாம். வண்டி ஒரு நாள்கூட நிற்க வேண்டியதில்லை. உறையின் வாயில் மின்சாரம் கசியாமல் காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் சிறிது தடவி மாட்டுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேறு. காயில் பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. பிளக்கின் முனை தேயத் தேய இடைவெளி அகலமாகிறது. அந்த இடைவெளியைத் தாண்ட மேலும் மேலும் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. அந்தப் பளு காயில்மேல் விழுகிறது. தேய்ந்த பிளக்கின்மேல் புதிய காயிலை உட்கார வைத்தால் புதியதும் அதே பாதையில்தான் போகும். ஓர் ஆண்டுக்குள் இரண்டாவது, மூன்றாவது காயில் போனால், காயில்கள் மோசம் என்று திட்டுவதை விட்டுப் பிளக்கின் வயதைப் பாருங்கள்.

பிளக்குகள் அண்மையில் மாற்றப்பட்டிருந்தால் இந்தத் தேர்வே சரி. இன்னும் சில மாதங்களில் வண்டியை விடப் போகிறீர்கள் என்றாலும் சரி.

## இரண்டாம் தேர்வு: எட்டு பிளக்கும் எட்டு உறையும், காயில்கள் பழையவையே

என் தெளிவான விருப்பம் இதுதான். வண்டியை இன்னும் இரண்டு, மூன்று ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள், பிளக் மாற்றிய ரசீது எதுவும் கையில் இல்லை என்றால் வேறு யோசிக்க வேண்டாம். தள்ளிப்போடும் ஒவ்வொரு குளிர்காலமும் கரியை இன்னும் இறுக்குகிறது.

ஆனால் யார் செய்கிறார்கள் என்பது இங்கே விலையைவிட முக்கியம். ஃபோர்டு சொன்ன முறை பொறுமையைக் கேட்கிறது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஒவ்வொரு பிளக்கையும் எட்டில் ஒரு சுற்று மட்டும் தளர்த்தி நிறுத்த வேண்டும். குழிக்குள் கார்புரேட்டர் கிளீனர் விட்டு, அது மரைகளின் வழியே இறங்கிக் கரியில் ஊறக் குறைந்தது கால் மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பிறகு முன்னும் பின்னும் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். கைப்பிடியில் கிரீச்சென்று ஒரு முனகல் வரும். வந்தால் மறுபடி உள்ளே திருகி, மறுபடி ஊறவிட வேண்டும். அந்த முனகல் அடங்கி மரை இலகுவாக ஓடும்வரை வெளியே இழுக்கவே கூடாது. அவசரக்காரர் கையில் பிளக் உடைவது அந்த ஒரு நிமிடத்தில்தான். கடைசி நேரத்தில் ஓட்டுநர் அறையை ஒட்டி இருக்கும் 4ஆம், 8ஆம் பிளக்குகளிடம் வரும்போது களைப்பும் சேர்ந்துவிடும். முடிந்தால் அவற்றை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

உடைந்தாலும் உலகம் முடிந்துவிடாது. உள்ளே நின்ற பீங்கானைக் கீழே தள்ளி, குழாய்க்குள் மரை வெட்டிப் பிடித்து இழுக்கும் கருவி இதற்கென்றே இருக்கிறது. லைல் 65600 என்று கேட்டால் கடைக்காரர்களுக்குத் தெரியும். கவனமில்லாமல் செய்தால் பீங்கான் துண்டு சிலிண்டருக்குள் விழும். ஹெட்டையே கழற்ற வேண்டி வருவது எல்லாம் தவறிய பின்புதான். ஆகவே விலை கேட்கும்போது இரண்டு விலை கேளுங்கள்: ஒன்றும் உடையாவிட்டால் எவ்வளவு, உடைந்தால் ஒரு பிளக்குக்கு எவ்வளவு கூடும். இரண்டாவது கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லும் மெக்கானிக் இந்த எஞ்சினை அறிந்தவர். "எதற்கு உடையப்போகிறது?" என்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

புதிய பிளக்கின் கீழ்க் குழாயில் இறுகிப் பிடிக்காமல் தடுக்கும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவி, 34 நியூட்டன் மீட்டர் முறுக்கத்தில் இறுக்க வேண்டும். மின்முனையில் பசை படக்கூடாது. அடுத்த முறை உடையக் கூடாது என்று விரும்பினால் ஒரே துண்டாகச் செய்த பிளக்கும் கிடைக்கிறது. சாம்பியன் 7989 அப்படிப்பட்டது.

## மூன்றாம் தேர்வு: எட்டு பிளக்கோடு எட்டு காயிலும்

கராஜ்கள் அதிகம் பரிந்துரைப்பது இதை. பிளக்கை எட்ட எப்படியும் காயில்களைக் கழற்றியாக வேண்டும், கூடவே மாற்றிவிட்டால் கூலி மிச்சம் என்பது அவர்கள் வாதம். கழற்றவே மணிக்கணக்காகும் எஞ்சினாக இருந்தால் ஏற்றுக்கொள்வேன். ஒரு போல்ட்டில் நிற்கும் காயிலுக்கு மிச்சப்படும் கூலி ஒன்றுமில்லை. நன்றாக ஓடும் ஏழு காயில்களைக் குப்பையில் போடுவதைவிட, ஒரு நல்ல காயிலையும் 7 மில்லிமீட்டர் சாக்கெட்டையும் வண்டியிலேயே வைத்துக்கொள்வது மேல்.

எட்டு காயிலும் மிக மலிவாக இணையத்தில் கிடைக்கும் தொகுப்புகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபோர்டின் சொந்த உதிரிபாகப் பிராண்டான மோட்டார்கிராஃப்டின் பெயரைத் தாங்கிய போலிகளும் சந்தையில் உண்டு. வண்டியோடு வந்த பழைய காயில் இந்தத் தொகுப்புகளைவிட நம்பகமானது.

ஆனாலும் இந்தத் தேர்வு பொருந்தும் ஒருவர் இருக்கிறார்: ஊரைவிட்டு நெடுந்தொலைவு போய் வேலை செய்பவர், பனிக்காலத்தில் நள்ளிரவில் வண்டி எடுப்பவர், சாலையோரத்தில் பானட்டைத் திறக்க முடியாதவர். அவருக்கு நிம்மதிக்கு விலை உண்டு. நல்ல காயில்களாகப் பார்த்து வாங்கட்டும். கழற்றிய பழையவற்றில் நல்லதாக இரண்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.

## நான்காம் தேர்வு: வேறு எஞ்சின் அல்லது விற்பனை

ஸ்டார்ட்டர் தாளத்தில் ஒரு தட்டு விடுபட்டதா? சூடான பின் சிக்னலில் நிற்கும்போது டீசல் வண்டிபோலத் தடதடக்கிறதா? அப்படியென்றால் கேள்வி மாறிவிட்டது. தடதடப்பு இந்த எஞ்சினில் வால்வுகள் திறக்கும் நேரத்தை மாற்றும் கேம் ஃபேசர், டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆகியவற்றிலிருந்தும் குறைந்த ஆயில் அழுத்தத்திலிருந்தும் வருவது. வால்வை அழுத்தும் உருளைக்கை இடம் நழுவினாலும் அந்த சிலிண்டர் செத்துப் போகும். அது மட்டும் என்றால் மேல்மூடியைத் திறந்து சரிசெய்யலாம், எஞ்சினை மாற்றவேண்டியதில்லை. எனவே "எஞ்சின் போய்விட்டது" என்ற வாக்கை, கம்ப்ரஷன் அளவும் காற்றுக் கசிவு அளவும் தாளில் எழுதித் தராமல் ஏற்காதீர்கள்.

பழைய எஞ்சின் வாங்குவதென்றால் ஒன்றை மறக்காதீர்கள்: அதுவும் இதே 5.4, அதன் ஹெட்டிலும் பெரும்பாலும் இதே பிளக்குகள்தான் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்திருக்கின்றன. வண்டிக்குள் இறக்குமுன், ஸ்டாண்டில் நிற்கும்போதே எட்டையும் மாற்றிவிடச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் கை எட்டும் ஒரே சமயம் அதுதான்.

விற்பதென்றால் ஒண்டாரியோவில் விற்பவர், வண்டியின் பதிவு வரலாறு அடங்கிய வாகனத் தகவல் தொகுப்பை வாங்கிக் கொடுக்க வேண்டும். சாலையில் ஓட்டப் பதிவு செய்யப் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை. அது 36 நாள்களுக்குத்தான் செல்லும். சான்றிதழ் இல்லாமல் இருந்தபடியே விற்கலாம். மிஸ் ஆகும் வண்டிக்கு அப்போது கிடைப்பது மிகக் குறைந்த விலை. சேஸிஸ் துருப்பிடித்து உதிரத் தொடங்கியிருந்தால் அந்த விலைக்கே கொடுத்துவிடுங்கள். துருப்பிடித்த சட்டத்தின்மேல் நல்ல எஞ்சினை ஏற்றி வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

## ஒரே பார்வையில்

| | ஒரு காயில் | 8 பிளக், 8 உறை | 8 பிளக், 8 காயில் | எஞ்சின் / விற்பனை |
|---|---|---|---|---|
| முன்தேவை | கோளாறு நகர்ந்த சோதனை | பிளக்கின் வயது | பிளக்கின் வயது | எழுதிய கம்ப்ரஷன் அளவு |
| செலவு | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | தேய்ந்த பிளக் அடுத்த காயிலையும் கொல்வது | உடையும் பிளக் | உடையும் பிளக், போலிக் காயில் | பழைய பிளக்குகள், துருப்பிடித்த சட்டம் |
| வண்டி நிற்பது | கால் மணி | ஒரு நாள், உடைந்தால் கூடும் | அதேதான் | நாள்கணக்கு, வாரக்கணக்கு |
| யாருக்கு | பிளக் புதிது அல்லது விரைவில் விற்பவர் | இன்னும் சில ஆண்டு வைத்திருப்பவர் | வழியில் நிற்கவே முடியாதவர் | அழுத்தம் இழந்த சிலிண்டர் உள்ளவர் |

குளிர்ந்த எஞ்சினில் காலையில் மட்டும் பி0316 வந்து, சில நிமிடங்களில் எல்லாம் சரியாகும் வண்டிகள் இந்த நான்குக்குள்ளும் உடனே அடங்காது. இரவில் பெட்ரோல் கசியும் இன்ஜெக்டர், சிலிண்டருக்குள் சிறிது சிறிதாக இறங்கும் கூலன்ட், குழியில் நிற்கும் ஈரம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். கூலன்ட் தொட்டியின் அளவை ஒரு கோடு போட்டுக் குறித்து, இரண்டு வாரம் கழித்துப் பாருங்கள். குறைந்திருந்தால் காயில் வாங்கும் பணத்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்துச் செய்திருந்தாலும், விளக்கு அணைந்ததை வைத்து வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். குறியீட்டை அழித்தாலே விளக்கு அணையும். ஒரு வாரம் ஓட்டுங்கள்: இரண்டு மூன்று குளிர்ந்த காலைகள், ஒரு நெடுஞ்சாலைப் பயணம், முன்பு உதறிய அந்த ஏற்றம். பிறகு ஸ்கேனரை மாட்டி மோட் 6இல் எட்டு சிலிண்டர்களின் மிஸ் எண்ணிக்கையையும் வரிசையாகப் பாருங்கள். எட்டும் பூஜ்யமாகவோ அதையொட்டியோ இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஏறி நின்றால், விளக்கு மறுபடி எரியும்வரை காத்திராமல் அந்த வாரமே கராஜுக்குத் திரும்பிப் போய் அந்த எண்ணைக் காட்டுங்கள்.